அந்தப் பாலை உரித்துவிடு

புந்தோங், ஈப்போ, மார்கழி மாதம்

அன்புள்ள மகனுக்கு,

நீ உயிரோடு இருக்கிறாய். சென்ற மாதக் கடைசியில், கையில் தகரக் குவளையோடு சோற்று வரிசையில் நீ நின்றதைத் தன் கண்ணால் பார்த்த ஒருவர் போன வாரம் நம் வீட்டுக்கு வந்து சொன்னார். அவர் பெயரை எழுத மாட்டேன். அவர் அங்கிருந்து கிளம்பி வந்த விதம் அப்படி. முகாமில் உனக்குப் பக்கத்தில் படுத்தவர், உன்னை மச்சான் என்று கூப்பிடுகிறவர் என்றால் உனக்கு ஆள் தெரிந்துவிடும். கோப்பெங் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பிடிபட்டவர் என்பதால் இந்தக் கடிதத்தில் அவரைக் கோப்பெங்காரர் என்றே எழுதுகிறேன். ஜப்பான்காரன் உன்னைச் சயாம் ரயில் வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போனதிலிருந்து உன்னைப் பற்றி எனக்குப் பல செய்திகள் வந்தன. காலராவில் போய்விட்டாய் என்றார்கள், சமையல் கொட்டகையில் சுகமாக இருக்கிறாய் என்றார்கள். எல்லாம் ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்டவை. பத்திரிகைக்கு எழுதிய காலத்தில் அப்படிப்பட்ட செய்தியை ஓரமாக ஒதுக்கிவிட்டு வேறு வேலை பார்ப்பேன். நீ சம்பந்தப்பட்டதை அப்படி ஒதுக்க முடியவில்லை. நம்பாமலே எல்லாவற்றையும் மனதில் வைத்திருந்தேன்.

கோப்பெங்காரர் வந்த அன்று உன் அம்மா அடுப்படியில் மரவள்ளிக்கிழங்கின் தோலைச் சீவிக்கொண்டிருந்தாள். அவர் வாசலில் நின்றே உன் பெயரைச் சொன்னார். உள்ளே கூட்டிவந்து, இருந்த கறுப்புக் காப்பியைக் கொடுத்தோம். முதலில் நல்ல செய்தியைத்தான் சொன்னார். "மச்சானுக்குக் காலு ஆறிருச்சுங்க. மூங்கிலு கிழிச்சு மொளங்காலுக்குக் கீழ கொதகொதன்னு கெடந்துச்சு. இப்பப் பாத்தா காய வெச்ச ரப்பர் சீட்டு கணக்கா வழவழன்னு மின்னுது." எனக்குக் கண் கலங்கிவிட்டது. பிள்ளையார் கோயிலுக்கு ஒரு தேங்காய் உடைக்க வேண்டும், தேங்காய்க்கு எங்கே போவது என்று யோசிக்கத் தொடங்கிவிட்டேன். உன் அம்மா கத்தியைக் கீழே வைத்தாள். "அந்தப் புண்ணோட ஓரம் எப்படி இருந்துச்சு தம்பி?" என்று கேட்டாள். "ஓரமா?" என்றார் அவர். "ஆமா, ஓரம்தான். தோலோட தோலாச் சேந்து இருந்துச்சா, இல்ல சுருண்டுக்கிட்டு நின்னுச்சா?" கோப்பெங்காரர் காப்பிக் குவளையைக் கீழே வைத்துவிட்டு, "லேசாச் சுருண்டுதான் இருந்துச்சு அத்தை" என்றார்.

நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. தோட்டத்தில் பிறந்து, ரப்பர் மரத்தில் பால் வெட்டி வளர்ந்தவள், காய்ந்த பாலின் ஓரம்தான் சுருளும் என்று அறிந்தவள் என்பதால் அவளுக்குத் தோன்றியது. டவுனில் வளர்ந்த எனக்கு வழவழப்பு என்றால் ஆறியது என்றுதான் அர்த்தம். பிறகு அவர் மறைக்கவில்லை. காட்டில் ஏதோ ஒரு பால் மரத்தைக் கீறி, வடிந்த பாலை நீங்கள் நாலைந்து பேர் புண்ணின் மேல் பூசிக்கொண்டீர்கள் என்றும், காய்ந்ததும் அது தோல் மாதிரி ஒட்டிக்கொண்டது என்றும் சொன்னார். முதலில் செய்தது நீதான் என்றும், மற்றவர்கள் உன்னைப் பார்த்துச் செய்தார்கள் என்றும் சொன்னார். "காலையில ஆள் எண்ணுறப்ப ஜப்பான்காரன் காலத்தான் பாக்குறான். புண்ணு தெரியலன்னா விட்டுடுவான்லா. மச்சான் மூளைக்காரன்" என்று சொல்லிச் சிரித்தார். அவர் சிரித்தபோது, உட்கார்ந்திருந்த பலகையின் கீழே ஒரு காலை மட்டும் மடக்காமல் நீட்டியே வைத்திருந்தார். உன் அம்மா அந்தக் காலைப் பார்த்தாள். அவர் காற்சட்டையைக் கொஞ்சம் உயர்த்தினார். உன் காலில் இருப்பதாக அவர் சொன்ன அதே பால், அதே மினுமினுப்பு, அவர் காலிலும் இருந்தது. கிட்டே குனிந்தபோது வாடை அடித்தது.

உன் மாமா வேலை பார்த்த தோட்டத்து ஆஸ்பத்திரியில் காயங்களுக்கு மருந்து கட்டிய டிரெஸ்சரை உனக்கு நினைவிருக்கும். துரைமார்கள் ஓடிப்போனதும் ஆஸ்பத்திரியை மூடிவிட்டார்கள். இப்போது அவர் மருந்தும் இல்லாமல் சம்பளமும் இல்லாமல் நம் தெருவுக்கு இரண்டு தெரு தள்ளி இருக்கிறார். போய்க் கூட்டிவந்தேன். காலைப் பார்த்ததும் அவருக்குக் கோபம் வந்துவிட்டது. "இத எவன்யா பூசச் சொன்னான்?" என்றார். "எங்கப்பாரு காலத்துலேருந்து பூசறதுதானுங்களே. வெட்டுக்கத்தி பட்டா ஒடனே பால வெக்கிறதுதானே வழக்கம்" என்றார் கோப்பெங்காரர். "கத்தி பட்டது புதுக் காயம். இது அழுகுற புண்ணு. உள்ள சீழ வெச்சு மேல மூடிக்கிட்டு ஆறிருச்சுன்னு ஊரு பூரா சொல்லிட்டுத் திரியிறியா?" கோப்பெங்காரர் குரலை உயர்த்தினார். "உங்களுக்கு என்னங்க டிரெஸ்சர் ஐயா, இங்க உக்காந்து பேசுவீங்க. அங்க புண்ணு தெரிஞ்சா நோவுக் கொட்டகைக்குப் போகணும். கொட்டகைக்குப் போனா சோறு பாதி. பாதிச் சோத்துல எவன் எந்திரிச்சு வந்தான், சொல்லுங்க பாப்போம்?" உன் தங்கை உள்ளேயிருந்து, "அண்ணே, மெதுவாப் பேசுங்க. ரோட்டுல போறவன் உள்ள வந்தா என் மூஞ்சியக் காட்டித்தான் வெரட்டணும்" என்றாள். அதற்குத்தான் எல்லாரும் கொஞ்சம் சிரித்தோம். பிறகு டிரெஸ்சர் தரையில் உட்கார்ந்து, "சரி, நீட்டு" என்றார்.

தங்கை சொன்னது உனக்குப் புரிய வேண்டும் என்பதற்காக வீட்டு நிலையைச் சொல்கிறேன். இங்கே ஜப்பான் சிப்பாய்களுக்குப் பயந்து பெண் பிள்ளைகள் வெளியே தலைகாட்டும்போது முகத்தில் கரியைப் பூசிக்கொள்கிறார்கள். உன் தங்கைக்கு அம்மா சட்டிக் கரியைச் செம்பனை எண்ணெயில் குழைத்துப் பூசுகிறாள். முடியைக் கழுத்தோடு வெட்டிவிட்டாள். எண்ணெயும் கரியும் சேர்ந்து கன்னமெல்லாம் பொரிப் பொரியாக வந்துவிட்டது. சாயங்காலம் கதவைச் சாத்தியதும் கொல்லையில் விளைந்த பச்சைப்பயற்றை அரைத்துத் தேய்த்துக் கழுவி, கொதித்து ஆறிய தண்ணீரில் வேப்பிலையைப் போட்டு முகத்தில் ஒற்றுகிறாள். அரிசி கழுவிய தண்ணீர் இதைவிட நல்லது என்பாள். கழுவ அரிசி இல்லை. ராத்திரியில் ஆறும் முகம் பொழுது விடிந்ததும் மறுபடி கெடுகிறது. "அண்ணன் திரும்பி வந்தா என்னையப் பாத்து மறுபடியும் சயாமுக்கே ஓடிரும்" என்கிறாள். இங்கே நல்ல தோல் ஆபத்து என்று மறைக்கிறோம், அங்கே கெட்ட தோல் ஆபத்து என்று நீ மறைக்கிறாய். உன்னை முட்டாள் என்று நான் சொல்லவில்லை என்பதைத் தெரிந்துகொள்வதற்காக இதை எழுதுகிறேன். நீ பயந்து செய்யவில்லை, யோசித்துத்தான் செய்திருக்கிறாய். ஆனால் யோசித்ததில் ஒரு பாதி உனக்குத் தெரியாது. அது எனக்குத் தெரியும்.

சின்ன வயதில் பள்ளி விடுமுறைக்கு மாமாவின் தோட்டத்து லய வீட்டில் போய்த் தங்குவாயே, அப்போது ஒருமுறை அவருடைய வெட்டுக்கத்தியை எடுத்து விளையாடி முழங்காலுக்குக் கீழே கிழித்துக்கொண்டாய். வீட்டில் சொன்னால் அடி விழும் என்று அந்தக் காயத்தை மண்ணும் புல்லும் பட விட்டுவிட்டாய். அது பழுக்கத் தொடங்கிய பிறகுதான் மாமா பார்த்தார். வாளியிலிருந்த பாலை விரலால் எடுத்து அதன் மேல் பூசினார். அழகாகக் காய்ந்தது. நான் உன்னை அழைத்துவர வந்தபோது, நீ காலைத் தூக்கிக் காட்டி, "அப்பா, பாருங்க, தச்ச மாதிரி இருக்கு" என்றாய். உனக்கு இவ்வளவுதான் நினைவிருக்கும் என்று நினைக்கிறேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல் கண்டது. பேச்சு குழறியது. இதே டிரெஸ்சர் உன் காலை வெந்நீரில் ஊறவைத்து அந்தப் பாலை உரித்து எடுத்தபோது உன் தோள்களை அழுத்திப் பிடித்திருந்தவன் நான். நீ கத்தினாய், ஆனால் கண் திறக்கவில்லை. உள்ளே இருந்ததைப் பார்த்துவிட்டு உன் மாமா வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். காய்ச்சல் இறங்கி நீ எழுந்தபோது கால் ஆறிக்கொண்டிருந்தது. பால்தான் ஆற்றியது என்று நீயே முடிவு செய்துகொண்டாய். மாமா மனம் நோகும் என்று யாரும் திருத்தவில்லை. பூசியது உனக்குத் தெரியும்; உரித்தது தெரியாது. அந்தப் பாதிக் கதையோடுதான் நீ சயாம் காட்டுக்குப் போயிருக்கிறாய்.

ஆகையால் முதல் வேலை, அந்தப் பாலை உரித்துவிடு. காய்ந்த நிலையில் பிடித்து இழுக்காதே. இழுத்தால் புதுச் சதையும் சேர்ந்து வரும். கை பொறுக்கும் சூட்டில் தண்ணீரைத் துணியில் நனைத்து அதன் மேல் போட்டு வை. ஆற ஆற மாற்று. ஓரம் தானாகத் தூக்கும். அங்கிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடு. கோப்பெங்காரருக்கு எடுத்தபோது நான் விளக்கைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பார்த்ததைப் பார்த்தபடியே எழுதுகிறேன். மேலே இருந்த பால் ஒரு விரல் அகலம்தான். உள்ளே, தோலுக்கு அடியில், புண் உள்ளங்கை அகலம் பரவியிருந்தது. நடுவில் ஒரு கடுகு அளவுக்கு எலும்பின் வெள்ளை தெரிந்தது. அவர் அதைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். "என்னா மாமா, மோசமா?" என்று என்னைக் கேட்டார். மோசம்தான் என்றேன். பொய் சொல்லியிருக்கலாம், ஆனால் மறுநாளும் அவர் காலை நீட்ட வேண்டுமே.

உரித்த பிறகு செய்ய வேண்டியதில், நான் இரண்டு பேரிடம் கேட்டு ஒத்துப்போனதையும், நம் வீட்டிலேயே தங்கியிருக்கும் அவர் காலில் ஒரு வாரமாகச் செய்து பார்த்ததையும் மட்டுமே சொல்கிறேன். நன்றாகக் கொதித்த தண்ணீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டு ஆறவைத்து, மேலேயிருந்து ஊற்றிக் கழுவு. ஆற்றுத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் கொதிக்காமல் புண்ணில் படக்கூடாது. கொய்யா இலையோ வெற்றிலையோ கிடைத்தால் அந்தத் தண்ணீரோடு சேர்த்துக் கொதிக்க விடு. இரண்டையும் உன் அம்மாவும் சொன்னாள், டிரெஸ்சரும் சொன்னார். கிடைக்காவிட்டால் வெறும் உப்பு வெந்நீரே போதும். அழுகின சதை விடாமல் ஒட்டியிருந்தால் பப்பாளிக் காயைச் சீவி மெல்லிசாக வைத்துக் கட்டி, கொஞ்ச நேரத்தில் கழுவிவிடலாம். எரியும், எரிந்தால் பயப்படாதே, ரத்தம் வந்தால் நிறுத்திவிடு. தேங்காய் எண்ணெய் அகப்பட்டால் புண்ணைச் சுற்றியுள்ள நல்ல தோலில் மட்டும் தடவு, அது வெடிக்காமல் இருக்கும். புண்ணுக்குள் எண்ணெய் வேண்டாம். சாம்பல், புகையிலை, மண்ணெண்ணெய் மூன்றும் வேண்டாம். இங்கே ஜனங்கள் எல்லாவற்றையும் பூசிப் பார்க்கிறார்கள், நான் போய்ப் பார்த்த வீடுகளில் இந்த மூன்றால் ஆறிய புண் ஒன்றையும் காணவில்லை. சிரங்கு வேறு, இந்தப் புண் வேறு. சிரங்குக்கு உடுத்த துணியைக் கொதிக்கவைத்து வெயிலில் போடு, அடுத்தவர் சாக்கை வாங்கிப் போர்த்தாதே, நகத்தை ஒட்ட வெட்டு. சொறிந்துகொண்டே புண்ணைத் தொடாதே. இதெல்லாம் வீட்டில் அம்மா உனக்குச் சொன்னதுதான். அப்போது சவுக்காரம் இருந்தது, கிணறு இருந்தது, அதனால் காதில் ஏறவில்லை.

இனி உன் கேள்விக்கு வருகிறேன். புண்ணைத் திறந்தால் நாளைக் காலையில் ஆள் எண்ணும்போது என்ன செய்வது என்று கேட்பாய். இதை டிரெஸ்சரிடம் விடாமல் கேட்டேன். அவர், "மூடலாம், ஆனா அடைக்கக் கூடாது. துணிக்குக் காத்து போகும், பாலுக்குப் போகாது" என்றார். கொதிக்கவைத்துக் காய்ந்த துணியைப் புண்ணின் மேல் போட்டு, அதற்கு மேலே சிப்பாய்கள் சுற்றுகிற மாதிரி முழங்கால் வரை பழைய சாக்குத் துண்டைச் சுற்றிக்கொள். இரண்டு காலிலும் சுற்று, ஒரு காலில் மட்டும் சுற்றினால் சந்தேகம் வரும். வேலை முடிந்து வந்ததும் அவிழ்த்துவிடு. கோப்பெங்காரர் இதைக் கேட்டுவிட்டு, "அவுத்துக் காட்டச் சொன்னா?" என்றார். அப்படிச் சொன்னால் மிஞ்சுவது நோவுக் கொட்டகைதான். நோவுக் கொட்டகைக்குப் போ என்று எழுத என் கை வரவில்லை. போகாதே என்று எழுதினால், காய்ச்சல் ஏறிய பிறகும் நீ பாலைப் பூசிக்கொண்டு மண் சுமப்பாய். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கொட்டகைக்குப் போனவர்களில் திரும்பி வந்த சிலரைக் கோப்பெங்காரர் பார்த்திருக்கிறார். உன்னோடு பால் பூசிக்கொண்டவர்களில் இரண்டு பேர் போய்விட்டார்கள் என்று, உன் அம்மா தண்ணீர் எடுக்க வெளியே போனபோது என்னிடம் சொன்னார். அவர்கள் கால் கடைசி வரைக்கும் வழவழப்பாகத்தான் இருந்ததாம்.

இதை அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. அவளுக்குத் தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். அன்று முதல் அவள் இரண்டு சட்டி வெந்நீர் வைக்கிறாள். ஒன்று கோப்பெங்காரருக்கு. இன்னொன்று யாருக்கு என்று நான் கேட்கவில்லை. அது ஆறிப்போகும், பிறகு என் காலிலுள்ள சிரங்கை அதில் கழுவிவிடுவாள். "ஒங்க புள்ளைக்கு யாரு இப்படிக் கழுவி விடுவா?" என்று ஒருநாள் கேட்டாள். அவனேதான் கழுவிக்கொள்ள வேண்டும் என்றேன். "அவனுக்கு அவசரம் ஜாஸ்தி, ஒழுங்காக் கழுவ மாட்டான்" என்றாள். சண்டை போடுகிற குரலில்தான் சொன்னாள். எனக்கும் வயது ஏறிவிட்டது. கொல்லையில் கிழங்கு நட்டுவிட்டு நிமிர்ந்தால் கண் இருட்டுகிறது. ஆனால் சட்டியைத் தூக்கிவைக்க முடிகிற வரைக்கும் நாங்கள் இப்படியே இருப்போம்.

இந்தக் கடிதத்தைக் கொண்டுவருகிறவர் பாரிட் புந்தாரைச் சேர்ந்தவர். வடக்கே போகிற ரயில் எஞ்சினில் விறகு தள்ளுகிறார். எல்லைக்கு அப்பால் அவருக்குத் தெரிந்த ஒருவர் முகாமுக்குச் சாமான் ஏற்றிக்கொண்டு போகிறாராம். தொப்பிக்குள் அடங்குவதைத்தான் வாங்கிக்கொள்வேன் என்று சொல்லிவிட்டார். அதனால் ஒரு சின்ன முடிச்சு உப்பும், அம்மாவின் பழைய வெள்ளைச் சேலையில் கிழித்த இரண்டு துண்டுத் துணியும் அனுப்புகிறோம். இரண்டையும் அவள் கொதிக்கவைத்து வெயிலில் காயப்போட்டு, தூசி படாமல் மடித்திருக்கிறாள். ஒன்றை வைத்துக் கட்டிக்கொள். மறுநாள் அதை அவிழ்த்து, துவைக்காமல் அப்படியே காயவைத்துச் சாமான்காரரிடம் கொடுத்தனுப்பு. இன்னொன்றைக் கட்டிக்கொள். எழுதத் தாளும் பென்சிலும் தேடி அலைய வேண்டாம். துணியில் பட்டிருக்கிற நிறத்தைப் பார்த்தால் புண் எந்தப் பக்கம் போகிறது என்று அம்மாவுக்கும் டிரெஸ்சருக்கும் தெரியும். கறை மோசமாக இருந்தாலும் அனுப்பு. வெள்ளையாக ஒன்றை அனுப்பி எங்களை ஏமாற்றாதே.

இன்றைக்கு உறுதியாகச் சொல்லக்கூடியது: கோப்பெங்காரர் காலில் வாடை போய்விட்டது, ஓரத்தில் சிவப்பாகப் புதுச் சதை தெரிகிறது. கால் தங்குமா என்று டிரெஸ்சர் இன்னும் சொல்லவில்லை. பொங்கல் கழிந்து பார்க்கலாம் என்றார். கடிதம் உன் கைக்கு வந்ததா, நீ உரித்தாயா என்பது தெரியாது. பாரிட் புந்தார்க்காரர் தைப்பூசத்துக்கு முன்பு ஈப்போ வழியாகத் தெற்கே திரும்புவதாகச் சொல்லியிருக்கிறார். ரயில் நிலையத்துக்கு நான் போகிறேன் என்றேன். துணியைத் தானே வாங்க வேண்டும் என்கிறாள் உன் அம்மா. இரண்டு பேரும் போவோம்.

அப்பா